கெமிக்கல் பீல்: மாநிறத் தோலுக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

"கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, ஒரு பீல் போட்டுக்கலாமா?" முகூர்த்த மாதங்களில் தோல் மருத்துவர்களின் காதில் விழும் கேள்வி இது. பொறுப்புள்ள மருத்துவர் யாரும் இதற்குச் சரி என்று சொல்ல மாட்டார். கெமிக்கல் பீல் என்பது தோலின் மேற்பகுதியை ஓர் அமிலத்தால் அளவோடு புண்படுத்தி, அது உரிந்து கீழிருந்து புதுத் தோல் வரும்படி செய்வது. புண் ஆற நாள் பிடிக்கும். ஆறும் நேரத்தில் முகம் சிவக்கலாம், செதில் செதிலாக உரியலாம், சிலருக்குக் கருத்தும் போகலாம். முதல்முறை போடுகிறவருக்குத் தன் தோல் இதை எப்படித் தாங்கும் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள கல்யாணத்துக்கு முந்தைய பத்து நாள் சரியான சமயம் இல்லை.

பீல் பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. ஒரே தடவையில் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்கிறது ஒன்று. அமிலத்தைப் போய் முகத்தில் ஊற்றுவதா என்று பதறுகிறது மற்றொன்று. உண்மையில் இது புது வித்தை எதுவும் இல்லை. ஹாம்பர்க்கில் இருந்த ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, 1882இலேயே சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், ஃபீனால், ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று எழுதியிருக்கிறார். இன்று எங்கும் பேசப்படும் கிளைகாலிக் போன்ற 'பழ அமிலங்கள்' 1974இல் அமெரிக்காவில் யூஜின் வான் ஸ்காட், ரூய் யூ இருவரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு வந்தவை. அவர்கள் தேடியது அழகுக்கான மருந்தையே அல்ல. மீன் செதில் போலத் தோல் தடித்துக் காய்ந்துபோகும் இக்தியோசிஸ் என்ற நோய்க்குத்தான் மருந்து தேடினார்கள். கண்டபடி சேர்ந்து கிடந்த செத்த தோலை இந்த அமிலங்கள் இளக்கிவிடுவதைப் பார்த்தார்கள். முகத்துக்கு வந்தது அதற்கு அப்புறம்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே ஏறி, செத்து, உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். மேலே கிடக்கும் செத்த செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பிணைப்பை லேசான பீல் தளர்த்துகிறது, அல்லது மேல்தோலின் ஒரு பகுதியை உரித்துவிடுகிறது. இது மேலோட்டமான பீல். அதைத் தாண்டி, உள்தோலின் மேல்பகுதி வரை இறங்குவது நடுத்தர ஆழம். அதற்கும் கீழே போவது ஆழமான பீல். ஆழம் கூடக் கூட சுருக்கம், தழும்பு போன்றவற்றில் பலன் கூடும். ஆறும் காலமும் ஆபத்தும் சேர்ந்தே கூடும்.

நிறமியைத் தயாரிக்கும் மெலனோசைட் செல்கள் அந்த அடிவரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளைத் தோலுக்கும் நம் தோலுக்கும் இவற்றின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் அவை வேலை செய்யும் வேகத்தில் இருக்கிறது. நம் மெலனோசைட்டுகள் சுறுசுறுப்பானவை, சீண்டினால் உடனே எதிர்வினை காட்டும். கொசு கடித்த இடம் கருத்து நிற்பதையும், பரு போன பிறகு அதன் புள்ளி மாதக்கணக்கில் நிற்பதையும், தோசைக்கல் சுட்ட தடம் மங்க ஒரு வருஷம் ஆவதையும் நம் வீடுகளில் பார்க்காதவர்கள் இல்லை. அழற்சி வந்தால் நிறமி பொங்கும். அமிலம் போடுவதும் ஓர் அழற்சிதான். கருப்பைப் போக்கப் போட்ட பீல் புதுக் கருப்பைக் கொண்டுவந்து விடுவது இதனால்தான். பீல் பாதுகாப்பு என்ற விஷயத்தில் நம்மைப் பொறுத்தவரை மையமான கவலை இதுவே. மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஹார்வர்டு மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் உருவாக்கிய தோல் வகைப்பாட்டை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் எளிதில் சிவந்து பொசுங்குகிற தோல் முதல் வகை, ஆழ்ந்த கருமை ஆறாம் வகை. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கிலும் ஐந்திலும் வருவார்கள். அந்த வகைப்பாடு ஆரம்பத்தில் வெள்ளைத் தோலை மட்டுமே கணக்கில் எடுத்தது, கருமை கூடிய வகைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை. பீல் சம்பந்தமான பழைய முறைகளும் பெரும்பாலும் வெள்ளையர் முகத்தில் செய்து பார்த்து எழுதப்பட்டவையே. அங்கே எடுத்த 'முன்-பின்' படங்களைப் பார்த்து அதே அமிலத்தை அதே வலுவில் இங்கே கேட்பது சரியாக வராது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நம் தோலுக்கு மேலோட்டமான பீல்தான் பாதுகாப்பு, ஆழமான பீல் வேண்டாம் என்ற நிலையையே எடுத்தது. ஆழமான பீலுக்குப் பயன்படும் ஃபீனாலைப் போட்டால் நம் தோல் நிரந்தரமாக வெளுத்துத் திட்டுத்திட்டாக நின்றுவிடலாம். இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையும் தாறுமாறாக்கும் என்பதால் இதய மானிட்டர் இல்லாமல் செய்யவே கூடாத பீல் அது.

எந்த அமிலம் யாருக்கு?

கிளைகாலிக் அமிலம் பழ அமிலக் குடும்பத்தில் மிகச் சிறிய மூலக்கூறு. அதனால் சட்டென்று உள்ளே இறங்கும், எரிச்சலும் அதிகம். லாக்டிக் அமிலம் அதைவிடப் பெரியது, மேன்டலிக் இன்னும் பெரியது. இரண்டும் மெதுவாக இறங்குவதால் எளிதில் எரிச்சல் காணும் மாநிறத் தோலுக்கு முதல் பீலாக இவற்றைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர்கள் பலர். எனக்கும் இதுவே சரியான பாதையாகத் தெரிகிறது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் தன்மை கொண்டது. எண்ணெய் வழியும் முகத்தின் துளைகளுக்குள் போய் வேலை செய்வதால் பருவுக்கு அதுதான் பொருத்தம். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் போடுவதில்லை. டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் வேறு ரகம். தோலின் புரதத்தையே உறையவைக்கும். பத்து, பதினைந்து சதவீதத்தில் மேலோட்டமாக நிற்கும், முப்பத்தைந்தில் உள்தோலைத் தொடும், ஐம்பதைத் தாண்டி முகம் முழுக்கப் போட்டால் தழும்பில் போய் முடியலாம்.

சதவீதம் மட்டும் பார்த்து வலுவை முடிவு செய்ய முடியாது. இரண்டு பாட்டிலில் '30 சதவீதம் கிளைகாலிக்' என்று இருந்தாலும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பி.ஹெச்.; அது குறைந்தால் அமிலத்தன்மை கூடும். கிளைகாலிக் கரைசலின் பி.ஹெச். அளவு 3.8 பக்கம் இருந்தால் அதிலுள்ள அமிலத்தில் பாதிதான் தோலுக்குள் இறங்கக்கூடிய வடிவில் இருக்கும். பி.ஹெச். குறையக் குறைய அந்தப் பங்கு வேகமாக ஏறும். அதனால்தான் அமெரிக்க அழகுசாதன மூலப்பொருள் ஆய்வுக்குழு 1998இல் வரம்பு சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொன்னது: வீட்டில் பயன்படுத்துவதற்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பி.ஹெச். 3.5க்குக் கீழே இறங்கக்கூடாது. பயிற்சி பெற்றவர்கள் சலூனில் போட்டு உடனே கழுவிவிடுவதற்கு 30 சதவீதமும் பி.ஹெச். 3.0வும் எல்லை. ஆன்லைனில் விற்கும் 'பீலிங் சொல்யூஷன்' எத்தனையோ பாட்டில்களில் பி.ஹெச். அளவே அச்சிடப்படுவதில்லை. இன்னும் மோசம், டி.சி.ஏ. பாட்டில்களையே யார் வேண்டுமானாலும் வாங்கும்படி விற்கிறார்கள். வலுவான டி.சி.ஏ., கிளைகாலிக், சாலிசிலிக், லாக்டிக் பீல்களை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வாங்கவோ போடவோ வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் பொதுமக்களை எச்சரித்தது. தீக்காயம், தொற்று, நிறமாற்றம், நிரந்தரத் தழும்பு எல்லாம் வரலாம் என்று காரணமும் சொன்னது.

எலுமிச்சைச் சாறு இயற்கைதானே என்று கேட்பார்கள். அதன் பி.ஹெச். ஏறக்குறைய 2. எந்தப் பதப்படுத்தலும் இல்லாத அமிலம். போதாக்குறைக்கு எலுமிச்சை வகைகளில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிக் கருக்கிவிடும். சாறு வழிந்த தடத்திலேயே கோடு கோடாகக் கருப்பு விழும். தயிர் தடவுவது அப்படி இல்லை. அதிலிருக்கும் லாக்டிக் அமிலம் மிகக் குறைவு, பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது, பெரிய பலனும் தராது.

அந்த மூன்று நிமிடம்

மருத்துவரின் அறையில் ஒரு கிளைகாலிக் பீல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால், பாதுகாப்பு என்பது எதில் இருக்கிறது என்று விளங்கும். முதலில் முகத்தைக் கழுவி, ஸ்பிரிட்டோ அசிட்டோனோ நனைத்த பஞ்சால் எண்ணெய்ப் பிசுக்கை ஒரே சீராக எடுப்பார்கள். ஓர் இடத்தில் அழுத்தித் துடைத்துவிட்டால் அங்கே அமிலம் கூடுதலாக இறங்கும். கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாயோரம் மூன்றிலும் வாசலின் தடவுவார்கள். அமிலம் தேங்கி நிற்பதும் தோல் மெலிந்திருப்பதும் அங்கேதான். சோடியம் பைகார்பனேட் கரைசலைக் கையெட்டும் தூரத்தில் தயாராக வைத்த பிறகே அமிலப் பாட்டில் திறக்கும். பிரஷ் நெற்றியில் தொடங்கும், பிறகு கன்னம், மூக்கு, தாடை. நெற்றி கொஞ்சம் தடித்த தோல், எரிச்சலைத் தாங்கும் என்பதால் அங்கிருந்து ஆரம்பம்.

அங்கிருந்து கடிகாரமும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும். முதல் தடவை என்றால் 20 முதல் 35 சதவீதத்தில், ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரைதான். முகத்தில் சுறுசுறுவென்று ஏறும். விசிறி வைப்பார்கள், எரிச்சல் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சீராக இளஞ்சிவப்பு வந்ததும் பைகார்பனேட் தடவி நிறுத்திவிட வேண்டும், தடவியதும் நுரைக்கும். நேரம் முடியாவிட்டாலும், ஏதாவது ஓரிடம் தனியாகச் சிவந்து குமுறினாலோ வெள்ளையாக மாறினாலோ அந்த இடத்தை அந்த நொடியே அணைக்க வேண்டும். கிளைகாலிக் தானாக நிற்காது. நிறுத்தும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் தனியாகக் கண்ணாடி முன் நின்று போடுகிறவருக்கு, கண்ணை மூடிக்கொண்டு எரிச்சலைப் பொறுத்துக்கொண்டிருக்கும்போது, கன்னத்தின் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவு வெள்ளை விழுவது தெரியவே தெரியாது.

சாலிசிலிக் பீலிலும் முகம் வெள்ளையாகும். பயப்பட வேண்டியதில்லை. ஆல்கஹால் ஆவியாகிப் போனதும் அமிலம் பொடியாகப் படிவதால் வரும் வெள்ளை அது, தண்ணீர் விட்டுத் துடைத்தால் போய்விடும். டி.சி.ஏ.வின் வெள்ளை துடைத்தால் போகாது. அது தோலின் புரதம் உறைந்த வெள்ளை. அங்கங்கே தூவியது போல வெண்மை வந்தால் மேலோட்டம், சிவப்பு பின்னால் தெரியும்படி சீரான வெண்மை என்றால் இன்னும் ஆழம், சுண்ணாம்பு அடித்தாற்போல கெட்டி வெண்மை என்றால் உள்தோலுக்குப் போய்விட்டது. டி.சி.ஏ.வைப் பைகார்பனேட்டால் திருப்பி எடுக்க முடியாது. எத்தனை பூச்சு, எவ்வளவு அழுத்தம் என்று போடுகிற கை அறிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு வெள்ளையையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் கையில் டி.சி.ஏ. பாட்டில் இருக்கவே கூடாது.

பீலுக்கு முந்தைய மாதம்

நம் தோலுக்குப் பீலின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அதற்கு முந்தைய இரண்டு முதல் நான்கு வாரங்களில் முடிவாகிவிடுகிறது. அந்த நாள்களில் சன்ஸ்கிரீனோடு, தேவைக்கேற்ப ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து), குறைந்த வலு கிளைகாலிக் அல்லது நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் கிரீமை மருத்துவர் கொடுப்பார். மெலனோசைட்டுகளை முன்கூட்டியே அடக்கி வைப்பதும், அமிலம் சீராக இறங்கும்படி தோலைப் பழக்குவதும் இதன் நோக்கம். ட்ரெட்டினாயினைப் பீலுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஹைட்ரோகுயினோனும் காலவரையறை உள்ள மருந்து. நன்றாக இருக்கிறதே என்று வருஷக்கணக்கில் தடவினால் ஓக்ரோனோசிஸ் என்ற, எளிதில் போகாத நீலக்கருப்பு படியும். வந்த அன்றைக்கே படுக்க வைத்துப் பீல் போட்டு அனுப்புகிற இடத்தில் இந்த முன்தயாரிப்பு முழுதாக விடுபட்டுப் போகிறது.

கேட்டறிய வேண்டியவையும் நிறைய. உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருகிறதா? அது ஹெர்பிஸ் வைரஸ், பீல் அதைத் தட்டியெழுப்பி முகம் முழுக்கப் பரப்பிவிடலாம், முன்கூட்டியே மாத்திரை வேண்டியிருக்கும். காயம் பட்டால் தோல் தடித்து மேடாகும் கீலாய்டு உடம்பா? கடந்த ஒரு வாரத்தில் த்ரெடிங், வேக்சிங், பிளீச் செய்தீர்களா? டாக்சிசைக்ளின் போல வெயிலைத் தாங்கவிடாத மாத்திரை போகிறதா? பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2017இல் அமெரிக்க நிபுணர்கள் ஆய்வுகளை அலசி, மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு காத்திருக்கச் சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். ஆனால் மாத்திரை சாப்பிடுவதை மறைக்கக் கூடாது. முடிவு மருத்துவருடையது.

எல்லாவற்றையும் விட நான் அதிகம் கவலைப்படுவது ஸ்டீராய்டு கிரீம் பழக்கத்தைப் பற்றி. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப் மருந்துக்கடையில் 'சிவப்பாகும் கிரீம்' என்ற பெயரில் கைமாறுகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மாதக்கணக்கில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் ரோமமும் முளைத்து, கிரீமை விட்டால் முகம் தீயாய் எரியும். 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை அட்டவணை ஹெச்-சில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. இருந்தும் பழக்கம் நிற்கவில்லை. இப்படி மெலிந்த முகத்தில் பீல் போட்டால், மற்றவர் தாங்கும் அதே அமிலம் இவருக்குக் கொப்புளம் கிளப்பிவிடும். என்ன கிரீம் போட்டேன் என்று பெயர் தெரியாவிட்டால் ட்யூபையே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சில கருப்புகளுக்குப் பீலே மருந்து கிடையாது. பின்கழுத்தில் வெல்வெட் போலத் தடித்து வரும் கருப்புக்குப் பல சமயம் உடலின் இன்சுலின் எதிர்ப்பு காரணமாக இருக்கும். அங்கே உரிக்க வேண்டியது எதுவும் இல்லை, சர்க்கரை அளவைப் பார்த்து எடையைக் குறைக்க வேண்டும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் கருத்தால் குங்குமச் சாயமோ ஸ்டிக்கர் பொட்டின் பசையோ ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க வேண்டும். காதோரமும் நெற்றி ஓரமும் கருத்தால் தலைமுடிச் சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். காரணத்தை விடாமல் வைத்துக்கொண்டு மேலே அமிலம் போட்டால் கருப்பு கூடத்தான் செய்யும்.

பலனின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பருப் புள்ளி, மேலோட்டமான கருமை, எண்ணெய்ப் பசை, சொரசொரப்பு ஆகியவற்றில் லேசான பீலை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நான்கு முதல் ஆறு தடவை போட்டால் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். மங்கு (மெலாஸ்மா என்னும், முகத்தில் படரும் பழுப்புத் திட்டு) குறையும், ஆனால் வெயிலும் ஹார்மோனும் சேர்ந்தால் திரும்ப வரும். பிறவி நிறத்தை எந்தப் பீலும் மாற்றாது, மாற்றுவதாகச் சொல்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். ஊசி குத்தியது போன்ற ஆழமான பருக்குழிகளுக்கு லேசான பீல் எட்டாது. அதற்கு மருத்துவர்கள் மெல்லிய குச்சி முனையில் வலுவான டி.சி.ஏ.வைத் தொட்டு, குழியின் உள்ளே மட்டும் புள்ளியாக வைக்கிறார்கள். குழிக்கு வெளியே துளி சிதறினாலும் புதுத் தழும்பு வரும். அதன் வீடியோவைப் பார்த்து வீட்டில் பல்குச்சியால் முயல்கிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

போட்ட பிறகு

மேலோட்டமான பீலுக்குப் பின் மூன்று நான்கு நாள் தோல் இறுகி, காய்ந்து, மூக்கோரம் வாயோரம் உரியும். டி.சி.ஏ. என்றால் ஒரு வாரம். உரிகிற தோலைப் பிய்க்கவே கூடாது, பிய்த்த இடம்தான் பெரும்பாலும் கருக்கிறது. காரமில்லாத கிளென்சர், மணமில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். ஸ்கிரப், ஆவி பிடித்தல், ட்ரெட்டினாயின், வைட்டமின் சி எல்லாம் தோல் முழுக்க ஆறும் வரை ஓரமாக இருக்கட்டும். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். நம் நிறத்துக்கு இன்னொன்றும் உண்டு: கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே மங்குத் திட்டைக் கிளறும். சாதாரண சன்ஸ்கிரீன் இதை அவ்வளவாகத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் தடுக்கும். பைக்கில் விற்பனை வேலைக்குச் சுற்றுகிறவர், வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பவர், கோடைக் கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுப்பவர் ஆகியோர் தேதியைத் தள்ளிப் போடுவதே நல்லது. மருத்துவரும் இதை விசாரித்துவிட்டே நாள் குறிக்க வேண்டும்.

எங்கே போவது என்றால், தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்து, மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் உள்ளவரிடம். சீட்டில் அந்த எண் இருக்கும். அமிலத்தின் பெயர், சதவீதம், எத்தனை நிமிடம், பின்விளைவு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று நாலு கேள்வி கேளுங்கள். "அது எங்க ஸ்பெஷல் பீல்" என்று மட்டும் பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு. முகத்தில் போடும் முன் காதுக்குப் பின்னால் சிறிது போட்டுப் பார்க்கச் சொல்வதும் அதிகப்படியான கோரிக்கை கிடையாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் பொசுங்கிவிடுகிறது. வீட்டில் போட்ட எதுவாக இருந்தாலும் ஏராளமான குளிர்ந்த குழாய்த் தண்ணீரால் உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டூத்பேஸ்ட், மஞ்சள், காப்பித்தூள், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளம், சீழ், நாளுக்கு நாள் ஏறும் வலி, ஒரு வாரம் கடந்தும் ஓரிடத்தில் மட்டும் அடங்காத சிவப்பு என்று எதைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அந்தச் சிவப்பு நிலையிலேயே சிகிச்சை தொடங்கினால் கருப்பும் தழும்பும் வெகுவாகக் குறையும். கருத்தே போனாலும், அடுத்த பீலைப் போட்டு அதை எடுக்க அவசரப்பட வேண்டாம். வெயில் படாமல் காத்து, கொடுத்த கிரீமைத் தடவி வந்தால் பெரும்பாலான கருமை சில மாதங்களில் மங்கிவிடும்.